உங்களுக்கு மிகவும் பிடித்த அறிவியல் புனைகதைப் படம் எது, ஏன்?

வார இறுதியில் பார்க்கப் பத்துப் படம் வேண்டும் என்று கேட்டிருந்தால் என் பதில் உதவாது. எனக்கு இரண்டே படங்கள்தான். முதலாவது 2014இல் வந்த இன்டர்ஸ்டெல்லர்.

கருந்துளைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கிரகம். கருந்துளையின் ஈர்ப்பால் அங்கே ஒரு மணி நேரம் என்பது பூமியில் ஏழு வருடம். கதாநாயகன் கூப்பர் அதில் இறங்கிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பும்போது 23 வருடம் போயிருக்கும். வீட்டிலிருந்து வந்து குவிந்த வீடியோக்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்பார். பேரன் பிறந்த சேதியும் அந்தக் குழந்தை போய்விட்ட சேதியும் சில நிமிட இடைவெளியில் வரும். விடுதியில் லேப்டாப்பில் பார்த்தோம். தோழிகள் "ஒண்ணும் புரியலடி" என்று படுக்கப் போய்விட்டார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம். அப்பாவுக்குத் தங்கல் தொழில். கொச்சியில் போட் ஏறினால் சூரைக்கும் சுறாவுக்குமாக முப்பது, நாற்பது நாள் ஆழ்கடல்தான். போன் சிக்னல் கிடையாது. வேறு போட்காரர்கள் வயர்லெஸில் கைமாற்றிச் சொன்னால்தான் ஆள் சுகம் என்று தெரியும். நாங்கள் பாட்டுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பிக்கொண்டே இருப்போம். போட் கரை நெருங்கும்போது அத்தனையும் மொத்தமாகப் போய் இறங்கும். அப்பா வரிசை மாற்றாமல் முதலில் இருந்துதான் கேட்பார். ஒருமுறை பாதியிலேயே போன் செய்து, "மோளே, அம்மைக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்று பதறினார். காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு போனை வாங்கி, "இப்பதான் கொறஞ்சிருக்கு" என்றார்.

இது குடும்ப சென்டிமென்ட், அறிவியல் எங்கே என்று யாராவது வருவீர்கள். படத்துக்கு அறிவியல் ஆலோசகர் கிப் தார்ன், 2017இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். ஈர்ப்பு மாறினால் நேரம் ஓடும் வேகமும் மாறும். அப்பாவின் போட்டில் இருக்கும் ஜிபிஎஸ்ஸும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. மேலே செயற்கைக்கோளில் இருக்கும் கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் வரை இடம் தப்பும். வலை போட்ட இடத்தைத் தேடிப் போகிறவருக்கு அது சென்டிமென்ட் இல்லை.

சொல்ல வந்தது வேறு என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் குரலைக் கேட்ட அதே தோழிகள் "உங்கப்பா மலையாளியா?" என்று சிரித்தார்கள். தமிழ்நாட்டோடு சேர்வதற்காக 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டு, 1956 நவம்பர் 1இல் சேர்ந்த மாவட்டம் எங்களுடையது. எங்கள் பேச்சும் தமிழ்தான். இன்றுவரை அந்தச் சிரிப்பு ஆறவில்லை.

இரண்டாவது, 1997இல் வந்த கான்டாக்ட். ஹாம் ரேடியோவில் தூரத்து ஊர்களைக் கூப்பிடும் சிறுமி, இறந்துபோன அம்மாவையும் இதில் பிடிக்கலாமா என்று அப்பாவிடம் கேட்பாள். எங்கள் பக்கத்து மீனவர்கள் பலரைக் கடலோடு கொண்டுபோன ஒக்கிப் புயலுக்கு முன்பு அந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 2017 டிசம்பரில் எங்கள் தெரு அக்கா ஒருவர் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து, நாள் கணக்கில் அவர்கள் போட்டின் பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது அந்த இடம் வந்தால் தள்ளிவிட்டுத்தான் படத்தைப் பார்க்கிறேன்.