நவம்பரில் நாகப்பட்டினம்: மலிவு விலைப் பயணத்திற்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கிறோம். ‘அதிகம் பேர் போகாத தமிழகக் கடற்கரை’ என்று ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்தோம். நவம்பர் நடுவில் ஆறு நாள், விமான டிக்கெட்டோடு ஆளுக்கு 2,900 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பிச்சாவரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கோடியக்கரை, தனுஷ்கோடி எல்லாம் உண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணத்தையும் ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். என் அம்மாவுக்கு 71 வயது. அவருடைய பெற்றோர் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி பினாங்குக்கு வந்தவர்கள். அதனால் அம்மாவுக்கு ரொம்ப ஆசை. நம்பிக் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள், சகோதரி. ஊர்களில் குறையே இல்லை. 1620-இல் டென்மார்க்காரர்கள் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டையின் வாசலிலேயே கடல். பிச்சாவரத்தில் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போகலாம். ராமேஸ்வரம் போகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

ஆனால் மாதம் சரியில்லை. அந்தக் கரைக்கு மழை கொடுப்பது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும். புயலும் அப்போதுதான். 2018-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது நவம்பர் 16-ஆம் தேதி. கோடியக்கரை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விலை இறங்கியிருப்பதற்கு இந்த மழையும் ஒரு காரணமாக இருக்கலாம். புயல் எச்சரிக்கை வந்து படகு நின்றால், விமானம் ரத்தானால், எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். வாட்சாப் குரல் பதிவில் ‘பார்த்துக்கலாம்மா’ என்றால் அதை ஏற்காதீர்கள். என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியோ பிப்ரவரியோ போங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, கோடியக்கரையில் பூநாரைகளையும் பார்க்கலாம்.

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தில் நான்காம் நாளைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். காலையில் தரங்கம்பாடி, பசியாற நாகப்பட்டினம், மதியம் வேளாங்கண்ணி, பிறகு கோடியக்கரை, இரவு ராமேஸ்வரம்! நாகப்பட்டினத்திலிருந்து ராமேஸ்வரமே 250 கிலோமீட்டருக்குக் குறையாது. 71 வயது அம்மா நாள் முழுக்க வேனில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் பார்க்க ஏங்கும் ஊருக்கு ஒரு தோசை சாப்பிடும் நேரம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். தனுஷ்கோடியை விட்டால்கூடப் பரவாயில்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரை மதுரை வழியாக வேறொரு முறை நிதானமாகப் பார்க்கலாம்.

இனி பணம். வெளிநாட்டுப் பயணம் விற்கும் நிறுவனத்திற்கு மலேசியச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு வாங்கி அமைச்சின் இணையப் பக்கத்தில் சரிபாருங்கள். உரிமத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். விசாவை இந்திய அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் நிறைய உண்டு.

ஏற்கெனவே கொஞ்சம் கட்டிவிட்டீர்களா? ரசீது, விளம்பரம், வாட்சாப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. விவகாரம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

உரிமமுள்ள நிறுவனம் கிடைத்ததும், கையெழுத்துப் போடுமுன் ‘நாகப்பட்டினத்தில் இரண்டு இரவு’ என்று எழுதி வாங்குங்கள். பழைய துறைமுகப் பக்கம் ஒரு காலைப்பொழுது அம்மா ஆற அமர உட்காரட்டும். நாகூர் தர்கா அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். பினாங்கில் நம் சூலியா தெரு நாகூர் தர்காவைக் கடந்து போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்ள, அதன் மூல இடத்தையும் அவர் பார்த்தாற்போல் இருக்கும்.