நோனா (சீத்தா) மரம் பூத்தும் காய்க்காதது ஏன்?

கேள்வி: லயத்து வீட்டின் பின்புறம் என் மாமியார் நட்ட சீத்தா மரம் நிறையப் பூக்கிறது, ஆனால் பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன. பிடிக்கும் ஒன்றிரண்டு பிஞ்சுகளும் ஒரு பக்கம் சூம்பிக் கிடக்கின்றன. அருகில் நிற்கும் டுரியான் பெலாண்டா, டுரியான் இனம் என்பதால் சீத்தாவைக் காய்க்க விடாது என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். உண்மையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: டுரியான் பெலாண்டா எனப்படும் முள்சீத்தாவின் மீது பழி போட வேண்டாம். தோலின் முள்ளைப் பார்த்து மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது. வான்கோழியை 'ஆயாம் பெலாண்டா' என்பதுபோல, 'பெலாண்டா' என்ற அடைமொழி அது அந்நிய நாட்டுச் சரக்கு என்பதையே காட்டுகிறது. டுரியான், செம்பருத்தியும் இலவமும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. முள்சீத்தாவோ, ராம்சீத்தாவைப் போலவே, உங்கள் சீத்தாவின் உடன்பிறப்பு. மூன்றுக்கும் பூர்வீகம் அமெரிக்காவின் வெப்ப மண்டலம். நம் மனோரஞ்சிதமும் நெட்டிலிங்கமும்கூட இவற்றுக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

காரணம் பூவிலேயே இருக்கிறது. சீத்தாப் பூ முதலில் பெண்ணாக விழிக்கிறது: இதழ்கள் சற்றே பிரிந்திருக்கும்போது நடுவிலுள்ள சூலகமுடி பிசுபிசுப்பாக இருந்து மகரந்தத்தை ஏற்கும். இதழ்கள் நன்றாக விரிந்து மகரந்தம் உதிரும் வேளையில் அந்தப் பிசுபிசுப்பு வற்றிவிடுவதால், ஒரு பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது அரிது. இடையில் தூது போக வேண்டியவை தேனீக்கள் அல்ல, மிகச் சிறிய வண்டுகள். அவை குறைந்தால் காயும் குறையும். காயின் மேல் தெரியும் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகத்திலிருந்து வளர்வதால், மகரந்தம் சேராத பக்கம் சூம்பிப்போகிறது.

விடியற்காலையில், நன்றாக விரிந்த பூக்களைச் சிறு கிண்ணத்தில் தட்டி, கிடைக்கும் தூளை மெல்லிய ஓவியத் தூரிகையால் பாதி விரிந்த பூக்களின் நடுவே சுற்றித் தடவுங்கள். சீத்தாவையும் அதன் இனமான ஆண்டிஸ் மலைச் செரிமோயாவையும் கலந்து 1908-இல் ஃபுளோரிடாவில் உருவாக்கப்பட்ட அட்டமோயாவுக்கும் வணிகத் தோட்டங்களில் இதே கைவேலை நடக்கிறது. கண்களுக்கு இடையிலுள்ள பள்ளம் வெளிறி மஞ்சளானதும் காயைப் பறித்துவிடுங்கள். மரத்திலேயே விட்டால் வெடித்து வௌவாலுக்குத்தான் போகும்.

கேள்வி: சீத்தா விதையை அரைத்துப் பேனுக்குத் தலையில் பூசலாமா?
– வாசகர், தாப்பா

பதில்: பேன் சாகும் என்பது மெய். ஆனால் அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியைக் கடுமையாகப் புண்ணாக்கும்; குளிக்கும்போது தலையிலிருந்து வழியும் நீரே அதற்குப் போதும். குழந்தைகளின் தலையில் பூசவே வேண்டாம். மருந்துக் கடையில் இதற்கென்றே விற்கும் பேன் மருந்தை வாங்குங்கள்.