கெர்னல் புதுப்பிப்பு: நிறுவினால் மட்டும் போதுமா?

கேள்வி: என் லினக்ஸ் கணினியில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வந்த அன்றே நிறுவிவிடுகிறேன். ஆனால் கணினியை மாதக்கணக்கில் அணைப்பதில்லை. இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலில் கண்டறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் இதனாலேயே அடைபட்டுவிடுமா?

பதில்: அடைபடாது. உலாவி போன்ற ஒரு செயலியை மூடித் திறந்தாலே அதன் புதிய பதிப்பு ஓடத் தொடங்கிவிடும். கெர்னலோ கணினி தொடங்கும்போது வட்டிலிருந்து நினைவகத்தில் ஏற்றப்பட்டு, அணைக்கும் வரை அங்கேயே இயங்குவது. நீங்கள் நிறுவும் புதிய கெர்னல் ‘பூட்’ கோப்புறையில் வந்து காத்திருக்குமே தவிர, ஓடிக்கொண்டிருக்கும் பழையதைத் தொடாது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பு எண்ணை அறிய, ‘யூநேம்’ கட்டளையை ‘ஆர்’ என்ற தெரிவோடு (uname -r) கொடுத்துப் பாருங்கள். அது காட்டும் எண்ணைவிடப் புதிய எண்ணுள்ள கெர்னல் பூட் கோப்புறையில் இருந்தால், மறுதொடக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று பொருள்.

அதை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ‘டர்ட்டி பைப்’ என்ற ஓட்டையே போதிய சான்று. சில பதிவுக் கோப்புகள் காரணமின்றிச் சிதைவதைத் துருவிக்கொண்டே போன நிரலாளர் மாக்ஸ் கெல்லர்மான், பிழை கெர்னலிலேயே இருப்பதைக் கண்டறிந்தார். இரு நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் ‘பைப்’ அமைப்பில், நிலையைக் குறிக்கும் ‘கொடி’ என்ற சிறு குறியீடு ஒன்றின் பழைய மதிப்பைத் துடைக்காமல் விட்டிருந்தார்கள். அதனால், படிக்க மட்டுமே அனுமதியுள்ள ஒரு கோப்பின் நினைவகப் பிரதியில் சாதாரணப் பயனர்கூடத் தான் விரும்பியதை எழுதவும், அதன் வழியே கணினியில் எதையும் செய்யவல்ல ‘ரூட்’ அதிகாரத்தைக் கைப்பற்றவும் முடிந்தது. திருத்தம் அடங்கிய 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகிய பதிப்புகள் 2022 பிப்ரவரி 23 அன்று வெளிவந்தன. மார்ச் 7 அன்று முழு விவரமும், ஓட்டையைச் செய்துகாட்டும் நிரலும் பொதுவெளிக்கு வந்தன. திருத்தத்தின் மூலநிரல் எல்லோர் கண்ணிலும் படுவதால், எந்த இடத்தில் பிழை இருந்தது என்பதைத் தாக்க நினைப்பவரும் அதிலிருந்தே படித்துக்கொள்ளலாம். திருத்தம் வெளியான நாளிலிருந்து, பழைய கெர்னலை ஓடவிடுவோரின் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

‘என் கணினியை நான் மட்டுந்தானே பயன்படுத்துகிறேன்’ என்று நினைக்க வேண்டாம். உலாவியில் உள்ள ஓர் ஓட்டை வழியாக நுழைபவருக்குக் கிடைப்பது முதலில் குறைந்த அதிகாரமே. அதை முழு அதிகாரமாக்கிக்கொள்ள உதவுவது கெர்னல் ஓட்டைதான்.

நிறுத்தவே இயலாத சேவையகங்களுக்காக மறுதொடக்கமின்றியே திருத்தம் சேர்க்கும் ‘லைவ் பேட்ச்’ என்ற வசதி 2015இல் வெளியான லினக்ஸ் 4.0 முதல் கெர்னலிலேயே உள்ளது. பிழையுள்ள செயற்கூறு (நிரலின் ஒரு சிறு பகுதி) அழைக்கப்படும்போதெல்லாம் திருத்தப்பட்ட செயற்கூற்றுக்கு அது திருப்பிவிடும். ஆனால் தரவின் கட்டமைப்பையே மாற்றவேண்டிய திருத்தங்களை இவ்வழியில் கொண்டுவருவது மிகக் கடினம் என்பதால், மறுதொடக்கத்தைத் தள்ளிவைக்க அது உதவுமேயொழிய அடியோடு தவிர்க்க உதவாது.

கேள்வி: திருத்தம் 5.15.25இல் வந்தது என்கிறார்கள். என் உபுண்டுவில் 5.15.0 என்றே காட்டுகிறது. நான் பாதுகாப்பாக இல்லையா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களைப் பராமரிப்பவர்கள் பல வேளைகளில் அடிப்படைப் பதிப்பு எண்ணை மாற்றாமல், தேவையான திருத்தங்களை மட்டும் எடுத்துத் தங்கள் கெர்னலில் சேர்ப்பார்கள். 5.15.0 என்பதை அடுத்துள்ள சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணே அப்போது கூடும். பாதுகாப்பு ஓட்டை ஒவ்வொன்றுக்கும் தரப்படும் ‘சிவிஇ’ அடையாள எண்களில், டர்ட்டி பைப்புக்குரியது சிவிஇ-2022-0847 (CVE-2022-0847). அதை உங்கள் வழங்கலின் பாதுகாப்பு அறிவிப்புப் பக்கத்தில் தேடினால், எந்தத் தொகுப்பில் திருத்தம் சேர்ந்தது என்று தெளிவாக எழுதியிருக்கும்.

கேள்வி: புதிய கெர்னலில் கணினி தொடங்காமல் போனால்?

பதில்: அபூர்வமாக நேர்வதுண்டு. பெரும்பாலான வழங்கல்கள் முந்தைய கெர்னலை நீக்காமல் வைத்திருக்கும்; கணினி தொடங்கும்போது எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று தேர்ந்தெடுக்க உதவும் ‘கிரப்’ பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழையலாம். ஆனால் அதிலேயே தங்கிவிடாமல், கோளாறை உங்கள் வழங்கலின் பராமரிப்பாளர்களுக்குத் தெரிவித்துவிட்டு, அடுத்த திருத்தம் வந்ததும் நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள்.