தாளிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் எந்தக் கதவு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஷேக்கர் பாணி சமையலறையைப் பற்றித்தான், அதாவது சுற்றிலும் சட்டமும் நடுவில் தட்டைப் பலகையுமாக, வேலைப்பாடு இல்லாத கதவுகள் வைத்தது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை இதை மட்டும் பேசுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் மதுரையில் ஒரு தச்சரின் மகள். பதினெட்டு வருடங்களாக லண்டனில் சமையலறைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன்.

ஹாரோவில் 1930களில் கட்டிய வீடு வாங்கியிருக்கிறோம். சமையலறை 3.6 மீட்டருக்கு 2.9 மீட்டர், வடக்குப் பார்த்த ஜன்னல். ஷேக்கர் கதவுதான் வேண்டும் என்று எனக்கு ஆசை. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மேல் ஃபாயில் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) ஒட்டியது, தொழிற்சாலையிலேயே ஸ்ப்ரே செய்தது, மரச்சட்டக் கதவுக்கு வீட்டிலேயே கையால் பெயின்ட் அடிப்பது என்று மூன்று வழி சொல்கிறார்கள். தினமும் இரண்டு வேளை சமைக்கிறோம். வெள்ளைக் கதவில் மஞ்சள் பட்டால் போகவே போகாது என்கிறார் என் மாமியார். எதை எடுப்பது? — வாசகி, ஹாரோ

உங்கள் மாமியார் சொல்வதிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அவர் சொல்வது சரி. மஞ்சளின் நிறம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். தாளிக்கும்போது தெறிக்கிற ஒரு சொட்டு, பூச்சுக்குள் நிறத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறது. உடனே பாத்திரம் கழுவும் சோப்பு தொட்ட துணியால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். சோடா, ப்ளீச் கலந்த கடுமையான கிளீனரை மட்டும் எடுக்காதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஆரத்தித் தட்டில் என்ன ஆகிறது? அதே சிவப்பு உங்கள் கதவிலும் வரும். மிச்சமிருக்கிற லேசான மஞ்சள் வெயிலில் தானாக வெளுக்கும். ஆனால் உங்களுடையது வடக்கு ஜன்னல், நேர் வெயில் அதிகம் வராது. எனவே அடுப்பை ஒட்டிய கதவுகளுக்கு வெள்ளை வேண்டாம்.

இப்போது அந்த மூன்று வழிகள். ஃபாயில்தான் விலை குறைவு, துடைப்பதும் சுலபம். ஆனால் அதன் எதிரி சூடு. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு ஃபாயில் கதவுதான் போட்டுக் கொடுத்தேன். இரண்டாம் வருடம், ஓவன் அடுப்புக்கு இருபுறமும் இருந்த கதவுகளில் ஓரம் கிளம்பிவிட்டது. அந்த இரண்டை மட்டும் மாற்றிவிடலாம் என்று கேட்டால், அந்த நிறத்தையே நிறுத்திவிட்டார்கள். பதினாறு கதவுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த அம்மா என்னிடம் கோபப்படவே இல்லை, எனக்குத்தான் அது இன்னும் உறுத்துகிறது. கிளம்பிய ஃபாயிலைத் திரும்ப ஒட்டி ஒழுங்காக்க முடியாது.

ஸ்ப்ரே பூச்சு நல்ல கெட்டி, வழவழவென்று ஒரே சீராக இருக்கும். குக்கர் இடித்து ஒரு சில்லு பெயர்ந்தால்தான் சங்கடம். அந்த இடத்தில் தொட்டுத் தொட்டுப் பூசினால் அது தனியாகத் தெரியும். கையால் அடித்த பெயின்ட் அவ்வளவு கெட்டி இல்லை. அடித்து முடித்த முதல் இரண்டு மூன்று வாரம் பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஈரத்துணியை அழுத்தித் தேய்க்கக்கூடாது. ஆனால் எப்போது கறை பட்டாலும், எங்கே அடிபட்டாலும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அந்த ஒரு கதவுக்கு மட்டும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். தினமும் தாளிக்கிற வீட்டில் கறையே படாத பூச்சு என்று ஒன்று கிடையாது. அதனால் திருத்த முடிகிற பூச்சைத்தான் நான் கேட்பேன். உங்களுக்கு என் பதில் இதுதான்: டூலிப்வுட் மரத்தில் சட்டம், நடுவில் ஈரம் தாங்கும் எம்.டி.எஃப். பலகை, மேலே மரத்துக்கென்றே வரும் தண்ணீர் கலவை எக்ஷெல் (லேசான மினுமினுப்புள்ள) பெயின்ட். மினுமினுப்பே இல்லாத முழு மேட் வேண்டாம், விரல் தடம் விழும். வேலை முடிந்ததும் அதே கலவையில் அரை லிட்டர் கேட்டு வாங்கி, டப்பா மேல் நிறத்தின் பெயரை எழுதி வையுங்கள்.

கதவின் அளவைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விடாதீர்கள். ஷேக்கர் கதவு ஐந்து துண்டு: நெட்டுச் சட்டம் இரண்டு, குறுக்குச் சட்டம் இரண்டு, நடுவில் தட்டையான பலகை ஒன்று. பலகை சட்டத்தின் காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும், பசை போட்டு ஒட்டுவதில்லை. குளிருக்கும் ஈரத்துக்கும் மரம் சுருங்கி விரிய இடம் வேண்டும் அல்லவா? என் அப்பா மதுரையில் தேக்கில் செய்த பேனல் கதவுகளுக்கும் அதே கணக்குதான். உங்கள் அறைக்குச் சட்டத்தின் அகலம் 70 மில்லிமீட்டர் போதும். 90 கேட்டால், 300 மில்லிமீட்டர் கதவில் நடுப்பலகை வெறும் 120தான் தெரியும், கதவே சட்டமாகிவிடும். மேல் டிராயர் 140 உயரம் என்றால் இரண்டு குறுக்குச் சட்டத்துக்கே அது சரியாகிவிடும். அதனால் மேல் டிராயர்களுக்கு முகப்பை ஒரே தட்டையாக விட்டுவிடுங்கள், அழகும் அதில்தான்.

கீழ்க் குறுக்குச் சட்டத்தின் உள்விளிம்பில் மாவும் கடுகும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்கும். அந்த விளிம்பை லேசாக மழுக்கித் தரச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

நிறம்: வடக்கு வெளிச்சத்தில் நீலம் கூடுதலாக இருப்பதால் சாம்பல் நிறம் குளிர்ந்து சோகமாகத் தெரியும். காளான் நிறம், ஆலிவ் பச்சை, களிமண் சாயல் மாதிரி கொஞ்சம் மஞ்சளோ சிவப்போ உள்ளுக்குள் இருக்கிற நிறங்களைப் பாருங்கள். அட்டையில் இரண்டு கோட் அடித்து, கதவு வரப்போகிற இடத்திலேயே நிமிர்த்தி வைத்து, காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். பல்பு 2700 கெல்வினா (மஞ்சள் வெளிச்சம்) 4000மா (வெள்ளை வெளிச்சம்) என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அதை மாற்றினால் நிறமும் மாறும்.

அப்புறம், புகைபோக்கி. அடுப்புக்கு மேல் வைக்கிற ஹூட் நொடிக்கு 30 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது இங்கிலாந்தின் கட்டட விதி. மணிக்கு 108 கன மீட்டர். மிளகாய் தாளிப்புக்கு அது எந்த மூலைக்கு? மணிக்கு 600 கன மீட்டர் அளவுக்கு இழுக்கிற ஹூட்டாகப் பாருங்கள். காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிற வகை வேண்டாம். 150 மில்லிமீட்டர் குழாய், முடிந்தவரை நேராக, குறுகிய வழியில் வெளியே போக வேண்டும். கதவுப் பூச்சுக்குச் செலவு செய்து இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எங்கள் வீடு அமெரிக்காவில் ஆல்பனி விமான நிலையம் பக்கம். அருகிலேயே ஷேக்கர்களின் பழைய குடியிருப்பு இருக்கிறது. கடைகளில் விற்கிற ஷேக்கர் கிச்சனுக்கும் இவர்களுக்கும் உண்மையில் சம்பந்தம் உண்டா? — வாசகர், ஆல்பனி

உண்டு, நேரடியாக இல்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து 1774இல் ஒரு சிறு கூட்டத்தோடு அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஆன் லீ, ஷேக்கர் என்கிற கிறித்தவச் சபையின் தலைவி, உங்கள் ஊர்ப் பக்கம்தான் குடியேறினார். 1784இல் இறந்து, அங்கேயே அடக்கமானார். மணம் செய்யாமல், ஆணும் பெண்ணும் சம உரிமையோடு, கூட்டாக உழைத்து வாழ்ந்த சபை அது. இன்று மேய்ன் மாநிலத்தின் சபத்டே லேக்கில் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.

கடையில் தருகிற வரிசைப் பெட்டிகள் அவர்கள் செய்தவை அல்ல. ஆனால் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரியும் டிராயரும் அவர்களுக்கு உயிர். ஒரு மணி நேரம் காரில் போனால் ஹான்காக் கிராமம் வந்துவிடும். அங்கே 1830இல் எழுப்பிய செங்கல் வீட்டில் 369 டிராயர்கள், 240 அலமாரிக் கதவுகள். அவசியம் போய்ப் பாருங்கள். நான் போனபோது கூட வந்தவர்கள் வெளியே போய்க் காத்திருந்தார்கள், நான் ஒவ்வொரு கதவின் மூலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் நெடுக மர முளைகள் வரிசையாக இருக்கும். தரை பெருக்கும்போது நாற்காலியைக்கூட அதில் மாட்டிவிடுவார்கள். வெறும் ஆடம்பரத்துக்காக வேலைப்பாட்டு விளிம்பும் கார்னிஸும் வைக்கக்கூடாது என்று 1845ஆம் ஆண்டு விதிகளில் எழுதியிருந்தார்கள். அந்த வெறுமையான கதவு வந்த வழி அதுதான்.

நிறம் பற்றி ஒன்று. ஷேக்கர் என்றாலே வெள்ளையும் சாம்பலும் என்று இப்போது நினைக்கிறோம். அவர்கள் மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் தாராளமாகப் பூசியவர்கள். தொழுகைக் கூடத்தின் உட்புறம் நீலச் சாயலில் இருக்க வேண்டும் என்பதே விதி. எனவே துணிந்து நிறம் போடுங்கள்.

பழைய பெட்டிகள் உறுதியாக இருக்கின்றன. கதவை மட்டும் ஷேக்கராக மாற்றலாமா? இன்-ஃப்ரேம் அழகாக இருக்கிறதே, அது முடியுமா? — வாசகர், லெஸ்டர்

கதவை மட்டும் தாராளமாக மாற்றலாம். நல்ல பெட்டியைக் கழற்றி எறிய எனக்கு மனசு வராது. கீல் துளைகள் பழைய இடத்திலேயே வருகின்றனவா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். இன்-ஃப்ரேமில் கதவு ஒரு சட்டத்துக்குள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் உட்கார வேண்டும், பழைய பெட்டியில் அதைப் பொருத்துவது காசுக்குக் கேடு. அதை விட்டுவிடுங்கள்.

மேடைக்கு வெள்ளைக் குவார்ட்ஸா, மார்பிளா, ஓக் மரமா, கிரானைட்டா? கடையில் 'காஷ்மீர் வைட்' என்று ஒரு கிரானைட் காட்டினார்கள், பிடித்திருக்கிறது. — வாசகி, க்ராய்டன்

பெயரில்தான் காஷ்மீர். அந்தக் கல் எங்கள் மதுரைப் பக்கத்துக் கல். லண்டன் கல் பட்டறையில் முதன்முதலாக அதைத் தொட்டுப் பார்த்த அன்று, ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அது உறிஞ்சுகிற கல். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் பாருங்கள், நிறம் கறுத்தால் எண்ணெயும் அப்படித்தான் இறங்கும். சீலர் (கல் உறிஞ்சாமல் தடுக்கிற பூச்சு) பூசிப் பராமரிக்கப் பொறுமை இருந்தால் எடுங்கள். இல்லையென்றால், பாலிஷ் செய்த கறுப்புக் கிரானைட் கவலையில்லாதது.

மார்பிளில் புளியும் எலுமிச்சையும் பட்டால் மங்கல் விழும், வேண்டாம். குவார்ட்ஸ் என்று விற்பது செயற்கைக் கல், அதில் பிசின் கலந்திருப்பதால் சூடான குக்கரை நேரே வைக்கக்கூடாது. வெள்ளையில் மஞ்சள் கறையும் சிரமம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதை அறுக்கிற தொழிலாளர்களின் நுரையீரலை அந்தத் தூசி கெடுக்கிறது. இதற்காகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. நான் இப்போது யாருக்கும் அதைச் சிபாரிசு செய்வதில்லை. ஓக் மரத்தை சிங்க் பக்கம் போட்டால் கறுத்துவிடும். தண்ணீர் படாத பக்கம், காய் நறுக்குகிற இடத்தில் போடுங்கள். கறை வந்தால் தேய்த்து எண்ணெய் பூசினால் புதிதாகிவிடும்.

பெல்ஃபாஸ்ட் சிங்க் (ஆழமான பீங்கான் தொட்டி) நம் பாத்திரங்களுக்குத் தாங்குமா? — வாசகர், ஸ்லவ்

சிங்க் தாங்கும், கனமான இரும்புச் சட்டியைக் கை நழுவ விட்டால் மட்டும் சில்லு பெயரும். எவர்சில்வர் உரசி விழுகிற சாம்பல் கோடு கீறல் அல்ல, உலோகம் ஒட்டியது. மென்மையான கிளீனிங் பேஸ்ட்டால் தேய்த்தால் போய்விடும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள்.

பித்தளைக் கைப்பிடி ஆறு மாதத்தில் கறுத்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா? — வாசகி, ஈஸ்ட் ஹாம்

இல்லை, உங்களுடையது மேல்பூச்சு இல்லாத நல்ல பித்தளை. குத்துவிளக்குக்குச் செய்கிற மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாம், ஆனால் கதவிலிருந்து கழற்றிவிட்டுத்தான். புளித் தண்ணீர் பெயின்ட்டில் இறங்கக்கூடாது. பின்பக்கம் ஒன்றோ இரண்டோ திருகாணிதான் இருக்கும். திரும்ப மாட்டும்போது கையால் முறுக்கினால் போதும், டிரில் மெஷின் வைத்து இறுக்காதீர்கள்.