எந்த மென்பொருளில் தளம் கட்டுவது? ஹட்டன் வகுப்பின் கேள்வி பதில்

போன ஞாயிறு ஹட்டனில் நடந்த இணையத்தள வகுப்பில் கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. துண்டுக் காகிதங்களில் எழுதித் தந்தவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முடிந்தவற்றுக்கு இங்கே பதில்.

எல்லயில் நாலு அறை ஹோம்ஸ்டே வைத்திருக்கிறோம். விக்ஸ் எடுக்கவா, வேர்ட்பிரஸ் எடுக்கவா? (பண்டாரவளை அக்கா)

அக்கா, விக்ஸ் மாதக் கட்டணத்துக்குத் தளம் கட்டித் தங்களிடமே வைத்திருக்கும் சேவை. வேர்ட்பிரஸ் இலவசமாக இறக்கி நீங்களே நிறுவும் மென்பொருள். விக்ஸில் இரண்டு சாயந்தரத்தில் நீங்களே தளம் கட்டிவிடலாம். அப்டேட், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் இரண்டு விஷயத்தை யோசியுங்கள்.

முதலாவது, கட்டணம் டொலரில். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 ரூபா வரை போனது. மாதம் 20 டொலர் கட்டினவருக்கு 4,000 ரூபா 7,200 ஆனது. அந்த நேரம் சுற்றுலாப் பயணிகளும் குறைவு. வேர்ட்பிரஸ் என்றால் உள்ளூர் ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் இடம்) எடுத்து ரூபாவிலேயே கட்டலாம்.

இரண்டாவது, வெளியே வரும் வழி. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. எழுத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு புதிதாகத்தான் கட்ட வேண்டும். வேர்ட்பிரஸ் தளம் என்பது கோப்புகளும் ஒரு தரவுத்தளமும்தான். இரண்டையும் இறக்கி எந்த ஹோஸ்டிங்கிலும் ஏற்றலாம்.

மாதம் ஒரு தரம் அப்டேட் பார்க்க வீட்டில் ஆளிருந்தால் வேர்ட்பிரஸ். இல்லையென்றால் விக்ஸ் எடுப்பதில் தப்பில்லை. எதை எடுத்தாலும் டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையின் டொமைன், தளம் செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தது. அவர் வெளிநாடு போனார், புதுப்பிக்க ஆளில்லை, முகவரி வேறு யாருக்கோ போய்விட்டது. கடிதத் தலைப்பில் இன்னும் அந்த முகவரிதான் அச்சாகியிருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு திருவிழா அறிவித்தல் போடக் கோவிலுக்கு எது நல்லது? (தலவாக்கலை)

ஒரு ஃபேஸ்புக் பக்கம் போதும், ஐயா. மென்பொருளே வேண்டாம்.

திறந்த மூலம் (வேர்ட்பிரஸ் மாதிரி, நிரல் எல்லாருக்கும் பொதுவான மென்பொருள்) இலவசம் என்கிறீர்கள். அப்புறம் ஏன் ஆள்கள் காசு கேட்கிறார்கள்?

மென்பொருளுக்குத்தான் விலை இல்லை. ஹோஸ்டிங்கும் டொமைனும் காசு, பராமரிப்பவரின் உழைப்பும் காசு. வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு திறந்த மூல மென்பொருளான ட்ரூபலின் 7-ஆம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் வந்தது, 2025 ஜனவரி 5-உடன் ஆதரவு நின்றது. அதற்கு அடுத்த பதிப்புகள் உள்ளே முற்றிலும் வேறு. அதனால் மாறினவர்கள் அநேகமாகத் தளத்தைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. அந்த வேலைக்குக் கூலி உண்டுதானே.

காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று, விலை கொடுத்து வாங்க வேண்டிய ‘தீம்’ (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புத் தொகுதி) ஒன்றைத் திருட்டுப் பிரதியாக இறக்காதீர்கள். அதில் கள்ளவாசல் வைத்திருப்பார்கள்.

பாடசாலையின் பழைய அறிவித்தல், மலர்க் கட்டுரை எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. எந்த மென்பொருள் ஏற்கும்? (பொகவந்தலாவை டீச்சர்)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் டீச்சர். பாமினியில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கிலக் குழப்பமாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. அதனால் எந்த மென்பொருள் என்பது அப்புறம். முதலில் எல்லாவற்றையும், எந்தக் கணினிக்கும் போனுக்கும் புரியும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். மாற்றிகள் இலவசமாக இருக்கின்றன. ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும், ஆகவே கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும். உயர்தர மாணவர்கள் இரண்டு பேரை உட்கார வையுங்கள்.

தளத்தை இடம் மாற்றும்போது தரவுத்தளம் யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். பேக்கப் இல்லையென்றால் அதை மீட்கவே முடியாது.

2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக், வேர்ட்பிரஸ் தளங்களுக்கு ஹோஸ்டிங் தரும் டபிள்யூபி என்ஜின் நிறுவனத்தோடு சண்டை பிடித்து அவர்களின் தளங்களுக்குப் போகும் அப்டேட்டையே அடைத்தார். ஒரு ஆள் நினைத்தால் அடைக்கலாம் என்றால் விக்ஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? (நுவரெலியா, கணினி ஆசிரியர்)

சேர், நியாயமான கோபம். ஒக்டோபரில் அந்த நிறுவனத்தின் பிரபலமான ப்ளகின் (தளத்துக்கு மேலதிக வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றின் இடத்தையும் எடுத்து வேறு பெயர் வைத்தார்கள். டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் நிலைமை பழையபடி திரும்பியது. மூல நிரல் எல்லாருக்கும் பொது, ஆனால் அப்டேட் வரும் களஞ்சியம் ஒருவர் கையில். இது பெரிய குறை, நான் மறைக்கமாட்டேன்.

வித்தியாசம் இதுதான். அந்தத் தளங்கள் அழியவில்லை. கோப்பு அவரவர் ஹோஸ்டிங்கில் இருந்தது, ப்ளகினைக் கையால் இறக்கி ஏற்ற முடிந்தது. இதற்கு எதிராக, விக்ஸ் மாதிரித் தளம் கட்டும் சேவையான அடோபியின் பிசினஸ் கேட்டலிஸ்ட்டைப் பாருங்கள். 2018-இல் மூடப்போவதாகச் சொன்னார்கள், 2021-இல் மூடினார்கள். காசு கட்டினவர்களும் வெளியேறத்தான் வேண்டியிருந்தது. திறந்த மூலத்தில் நிரலை எடுத்து வேறு ஆள்கள் தனியாக வளர்க்கலாம். அதைத்தான் கிளை பிரிப்பது என்பார்கள். வேர்ட்பிரஸே 2003-இல் பி2 என்ற கைவிடப்பட்ட மென்பொருளிலிருந்து கிளைத்ததுதான். மேம்போ என்ற இன்னொரு தள மென்பொருளில் பிணக்கு வந்தபோது அதன் நிரலாளர்கள் 2005-இல் பிரிந்துபோய் ஜூம்லாவைத் தொடங்கினார்கள்.

கிளை பிரிப்பதெல்லாம் பேச்சுக்கு நல்லது. நம்ம தோட்டப் பாடசாலை அதிபர் கிளை பிரிப்பாரா? (அதே காகிதத்தின் பின்பக்கம், வேறு கையெழுத்து)

பிரிக்கமாட்டார். பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு உரிமை இருந்தால் போதும், பலன் அவருக்கும் வரும். மேம்போ பயன்படுத்திய சாதாரண ஆள்கள் நிரல் எழுதியா ஜூம்லாவுக்குப் போனார்கள்? பிரிந்தவர்கள் வழி செய்து வைத்தார்கள், மற்றவர்கள் தளத்தோடு போனார்கள்.

அப்படியென்றால் பெரிய கம்பெனிகள் ஏன் சைட்கோர், அடோபி என்று விலை கூடிய தள மென்பொருளுக்குக் காசு கொட்டுகின்றன? (பதுளை)

இரவு இரண்டு மணிக்குத் தளம் விழுந்தால் ஒப்பந்தப்படி எழுந்து வர ஆள் வேண்டும் என்பதற்காக. அந்தத் தேவை உள்ளவர்களுக்கு அது சரியான செலவுதான். நூறு மாணவர் உள்ள பாடசாலைக்கு அந்தத் தேவை இல்லை.

விக்ஸா வேர்ட்பிரஸா? (நாலு காகிதங்கள்)

மேலே பண்டாரவளை அக்காவுக்கு எழுதியதைப் படியுங்கள். டொமைன் உங்கள் பெயரில்.

தேயிலைப் பொதி ஒன்லைனில் விற்க ஷொப்பிஃபை சரியா? (கொட்டகலை)

ஷொப்பிஃபை நல்ல மென்பொருள்தான். ஆனால் அவர்களின் சொந்தக் கட்டண முறை இலங்கைக்கு இல்லை. வெளி முறையை இணைத்தால் ஒவ்வொரு விற்பனையிலும் மேலதிகமாக ஒரு பங்கு பிடிப்பார்கள். பேபாலில் இங்கிருந்து பணம் பெறவும் முடியாது. வேர்ட்பிரஸில் கடை வசதி தரும் வூகொமர்ஸ் ப்ளகினைப் போட்டு, உள்ளூர்க் கட்டண முறையான பேஹியரை இணைப்பதைத்தான் நான் சொல்வேன். டொமைன் யார் பெயரில் என்று திரும்பவும் பாருங்கள்.

என் மடிக்கணினி சூடாகிறது.

அது எனக்குரிய விஷயம் இல்லை. திருத்துபவரிடம் காட்டுங்கள்.

காசு இல்லாமல் பழக வழி இருக்கா? (மஸ்கெலியா, உயர்தர மாணவி)

இருக்கு தங்கச்சி. எக்ஸாம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் உங்கள் கணினியே தளத்தை வைத்திருக்கும் சேர்வர் ஆகும். அதில் வேர்ட்பிரஸை நிறுவி, பாடசாலைக்கு ஒரு மாதிரித் தளம் கட்டுங்கள். இறக்குவதற்கு மட்டும்தான் இணையம் வேண்டும், அப்புறம் டேட்டா செலவில்லை. கட்டி முடித்ததும் பேக்கப் எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு என் கணினியில் அதைத் திறந்து பார்ப்போம்.