காதில் பஞ்சு எதற்கு, தம்பி?

கேள்வி: ஐயா, காசிமேட்டில் ஒரு விசைப்படகு முதலாளியிடம் ஏலக் கணக்கு எழுதுகிறேன். யூடியூபில் தாவோ என்ற சீனத் தத்துவம், அத்வைதம் என்று கேட்டுக் கேட்டு ஒரு விஷயம் தலையில் உட்கார்ந்துவிட்டது. எண்ணம் எழும் முன்பு, கண்ணும் காதும் வேலையைத் தொடங்கும் முன்பு, எல்லாம் பிரிவில்லாமல் ஒன்றாகவே இருக்கிறதாம். ஒருநாள் விடியற்காலை ஏலக்கூடத்தில் ஒரு நொடி அது கிடைத்தது. கூச்சல் இருந்தது, மீன் இருந்தது, நான் என்று தனியாக ஒருவன் இல்லை. அப்புறம் வரவே இல்லை. இப்போது ராத்திரி தூக்கத்தை விட்டு, காதில் பஞ்சு வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் உட்காருகிறேன். மனைவியோ, "எல்லாம் ஒண்ணுன்னா வட்டிக்காரனும் நீயும் ஒண்ணுதானே, மளிகைக்கு அவனையே பணம் குடுக்கச் சொல்லு" என்கிறாள். அந்த நொடியை எப்படித் திரும்பப் பிடிப்பது?
– பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: தம்பி, முதலில் அந்தப் பஞ்சை எடுத்துப் போடுங்கள். "கூச்சல் இருந்தது, மீன் இருந்தது" என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்? அப்படியானால் அன்றைக்குக் காது திறந்துதான் இருந்தது. மூக்கைச் சொல்லவே வேண்டாம், காசிமேட்டில் அதை மூடி வைக்க யாரால் முடியும்? பிறகு எப்படிப் புலன்களை அடைத்தால்தான் அது வரும் என்ற முடிவுக்கு வந்தீர்கள்?

சுவாங் சு என்ற பழைய சீன ஞானியின் நூலில் ஒரு கதை உண்டு. தென்கடலுக்கு ஓர் அரசன், வடகடலுக்கு ஓர் அரசன், நடு நாட்டுக்கு ஹுன்துன் என்று ஓர் அரசன். ஹுன்துனுக்குக் கண், காது, மூக்கு, வாய் எதுவும் கிடையாது. ஆனாலும் வந்த விருந்தாளிகளை அவ்வளவு நன்றாகக் கவனித்தான். நண்பர்கள் இருவருக்கும் மனசு கேட்கவில்லை. 'பார்க்க, கேட்க, சாப்பிட, மூச்சு விட எல்லாருக்கும் 7 துளை இருக்கிறதே, பாவம் இவனுக்கு மட்டும் இல்லையே' என்று தினம் ஒரு துளையாகப் போட்டார்கள். 7ஆம் நாள் ஹுன்துன் செத்துப்போனான்.

புலன்தான் கொலைகாரன் என்று இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அப்படிப் படவில்லை. அவனைக் கொன்றது அந்த இரண்டு பேரின் அக்கறை. சும்மா இருந்தவனைச் சரி செய்யப் போனார்கள். நீங்கள் டிரில் மெஷினுக்குப் பதில் சிமென்ட்டைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். துளை போட்டாலும் அடைத்தாலும் கை வைப்பது கை வைப்பதுதான்.

அதே சுவாங் சுவிடம் ஒருவர் "தாவோ எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார். எறும்பில் இருக்கிறது என்கிறார். அவ்வளவு கீழேயா என்றதும் களைப்புல்லில், பிறகு ஓட்டுச் சில்லில், கடைசியில் மலஜலத்திலும் இருக்கிறது என்கிறார். கேட்டவர் வாயை மூடிக்கொள்கிறார். ஏலக்கூடத்துத் தரையில் ஓடும் மீன் கழுவிய தண்ணீரை விட்டுவிட்டு மொட்டை மாடியில் மட்டும் அது இருக்குமா, சொல்லுங்கள்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். (கடலும் அலையும் வேண்டாம். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், உங்களுக்குக் கடல் என்றால் டீசல் விலைதான் ஞாபகம் வரும்.) சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி எல்லாம் கலந்து குவியலாகக் கொட்டுகிறது. ரகம் பிரித்துக் கூறு போட்டால்தான் விலை சொல்ல முடியும். அதில் ஒரு தப்பும் இல்லை. கூறும் விலையும் நாம் போட்டவை என்பது மறந்துபோகும்போதுதான் சிக்கல். உவமை இதற்கு மேல் தாங்காது. குவியலிலும் மீன் தனித்தனிதான். தாவோ வழியின் இன்னொரு பழைய ஞானி லாவோ சு சொல்வது அதற்கும் அப்பால். பார்த்தால் தெரியாது, கேட்டால் கேட்காது, பிடித்தால் அகப்படாது, மூன்றும் கலந்து ஒன்றாகிவிடும் என்று அவர் பெயரில் உள்ள தாவோ தே ஜிங் நூலின் 14ஆம் பகுதி சொல்கிறது. நீங்களோ எப்படிப் பிடிப்பது என்று கேட்கிறீர்கள்!

தாவோவையும் அத்வைதத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறும் பேச்சாளர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. தாவோவிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து பத்தாயிரம் பொருள்கள் என்கிறார் லாவோ சு. அந்தப் பொருள்களை அவர் பொய் என்று தள்ளவில்லை. சங்கரரின் அத்வைதத்தில் பலவாகத் தெரிவது மாயை, பிரம்மம் மட்டுமே மெய். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு என்று வேண்டுமானால் சொல்லலாம், ஒரே வீடு இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அத்வைதமும் தெளிவாகப் பதில் வைத்திருக்கிறது. 12 மந்திரமே உள்ள மாண்டூக்ய உபநிடதம் விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்று மூன்றைச் சொல்லி, நான்காவது ஒன்றை அவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது. கண்ணைக் கட்டி, எண்ணத்தை நிறுத்தி நீங்கள் தேடும் வெறுமை உறக்கத்தின் பக்கத்தில்தான் வரும். நான்காவது ஒரு நேரம் வந்து ஒரு நேரம் போவதில்லை, மூன்றிலும் இருப்பது. அந்தக் கணக்கில், அன்று வந்து போனது நல்ல அனுபவம், அவ்வளவுதான். அதைத் துரத்தினால் ஞாபகத்தைத்தான் துரத்துவீர்கள்.

மனைவி கேட்டது நியாயமான கேள்வி, சிரிக்காதீர்கள். அத்வைதிகளே வியவகாரம் (அன்றாட நடப்பு) வேறு, பரமார்த்தம் (இறுதி உண்மை) வேறு என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். கடன், வட்டி, மளிகை மூன்றும் வியவகாரத்தில் வரும், கட்டித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அங்கேயும் கண்ணை மூடி உட்கார்ந்துவிடாதீர்கள், மனைவியோடு பேசுங்கள்.

இன்னொன்று. தூக்கத்தை விட்டு உட்காருவதாக எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அதை இன்றோடு நிறுத்துங்கள். உலகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல, கையும் காலும் உங்களுடையது இல்லை என்பதுபோல நாள்கணக்கில் தோன்றி, அது பயமாகவும் இருந்தால் அதை ஞானம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். தூக்கம் கெட்டாலும் மனசு பதறினாலும் அப்படி வரும், வைத்தியமும் இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.