சீன மொழி கற்க விரும்புவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலூரில் ஒரு ரசாயன ஆலையின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். மூலப்பொருள்கள் பல சீனாவிலிருந்து வருவதால், கைபேசிச் செயலி மூலம் சில மாதங்களாகச் சீனம் படிக்கிறேன். ஆனால் நான் பேசுவது அங்குள்ள வணிகர்களுக்குப் புரிவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் சொல்வளத்தில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை, உச்சரிப்பைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மாண்டரின் சீனத்தில் நான்கு தொனிகள் உண்டு. முதலாவது உயர்ந்து சமமாக நிற்கும், இரண்டாவது, யாராவது கூப்பிட்டால் “என்ன?” என்று கேட்கும்போது குரல் ஏறுவதுபோல ஏறும், மூன்றாவது தாழ்ந்து இறங்கும், நான்காவது சட்டென்று விழும். இவை தவிர, அழுத்தமின்றி மெலிதாக ஒலிப்பதும் உண்டு. உங்கள் தொழிலுக்கே வேண்டிய சான்று ஒன்று: ‘மாய்’ என்பதை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குதல், நான்காம் தொனியில் சொன்னால் விற்றல்.

அடுத்தது பின்யின். சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதுவதற்காக 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட முறை இது. இதை ஆங்கிலம்போல வாசிப்பதால்தான் நம்மவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தைப் பின்யினில் கண்டால், ‘பஸ்’ என்னும்போது வரும் ஒலியை விட்டுவிட்டு, ‘பல்’, ‘பாட்டு’ ஆகியவற்றின் முதலில் நாம் இயல்பாகச் சொல்லும் பகரத்தையே சொல்லுங்கள். தமிழ்ச் சொற்களின் முதலில் வரும் தகரமும் ககரமும் இப்படியே உதவும். நமக்குப் புதியது, அதே ஒலிகளோடு மூச்சைத் தள்ளிச் சொல்லும் இணை ஒலிகள்தான். உதட்டருகே மெல்லிய காகிதத் துண்டொன்றைப் பிடித்துக்கொண்டு பயிலுங்கள். மூச்சொலியில் காகிதம் அசைய வேண்டும், மற்றதில் அசையாதிருக்க வேண்டும். மனிதரைக் குறிக்கும் சீனச் சொல்லின் முதலொலி நம் ழகரத்துக்கு மிக நெருங்கியது என்பதால், அங்கே நமக்குத் தயக்கமே தேவையில்லை. வாரம் இருமுறையாவது, இணையவழியிலேனும், உங்கள் பேச்சைக் கேட்டுத் திருத்தும் ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். இந்தத் திருத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பதிந்துவிட்ட தவறான தொனியைப் பின்னால் மாற்றுவது மிகவும் கடினம்.

கேள்வி: பிரெஞ்சு படித்து முடித்தவள் நான். அதே காலத்தில் சீனத்தையும் கற்றுவிட முடியுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முடியாது என்றே சொல்ல வேண்டும். அமெரிக்க வெளியுறவுப் பணியாளர் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் பணிக்குரிய தேர்ச்சியைப் பெற, பிரெஞ்சுக்கு ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், சீனத்துக்கு 2,200 மணி நேரமும் ஆகும் எனக் கணக்கிட்டுள்ளது. எனினும் நீங்கள் கற்ற பிரெஞ்சு வீண்போகாது. அதில் உதட்டைக் குவித்து இகரம் சொல்வதுபோல் வரும் உயிரொலி சீனத்திலும் உண்டு. மற்றவர்கள் திணறும் இடத்தை நீங்கள் எளிதில் கடந்துவிடுவீர்கள்.

கேள்வி: ஆயிரக்கணக்கான எழுத்துகளை எப்படி நினைவில் வைப்பது? இலக்கணமும் கடினமா?
– கல்லூரி மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். மிகப் பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பகுதி பொருளையும் மற்றொரு பகுதி ஒலியையும் சுட்டுகின்றன. பசுமை, நீலம் ஆகிய நிறங்களைக் குறிக்கும் ‘சிங்’ என்ற எழுத்தின் இடப்பக்கத்தில் நீரின் குறி சேர்ந்தால் தெளிவு. சூரியனின் குறி சேர்ந்தால் வானம் வெளுத்த நாள். பேச்சின் குறி சேர்ந்தால் வேண்டுதல். நெஞ்சின் குறி சேர்ந்தால் உணர்வு. நான்கும் ‘சிங்’ என்றே ஒலிக்கும். தொனி மட்டும் வேறுபடலாம். இப்படிக் குடும்பம் குடும்பமாகக் கற்றால் சுமை குறையும். முதல் சில நூறு எழுத்துகளையேனும் கோட்டு வரிசை தவறாமல் கையால் எழுதிப் பழகுங்கள். பிறகு தட்டச்சு போதும். சீன நிலப்பகுதியோடு தொடர்புகொள்ள எளிமையாக்கப்பட்ட எழுத்தையும், தைவான், ஹாங்காங் தொடர்புக்கு மரபெழுத்தையும் தேர்ந்துகொள்ளுங்கள்.

இலக்கணம் அஞ்சத்தக்கதன்று. வினை, காலத்துக்கும் பாலுக்கும் ஏற்பத் திரிவதில்லை. செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் வருவதை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்று அடையை முன்னால் வைக்கும் நம் வழக்கம் சீனத்திலும் அப்படியே உண்டு.

கேள்வி: சீன மொழித் திறன் தேர்வான எச்எஸ்கேயின் நான்காம் நிலையில் தேறியும் சீன நாளிதழைப் படிக்க முடியவில்லையே?
– வாசகர், லாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: மனம் தளர வேண்டாம். 2010 முதல் வழங்கிய ஆறு நிலை முறையில், முதல் நிலைக்கு 150 சொற்கள், நான்காவதற்கு 1,200, ஐந்தாவதற்கு 2,500, ஆறாவதற்கு 5,000. அதாவது ஒவ்வொரு படியிலும் பாரம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. 2021இல் வெளியான ஒன்பது படித் தரநிலையோ 11,092 சொற்களைப் பட்டியலிடுகிறது. அத்துடன் நாளிதழ் நடை பேச்சு நடையினின்று விலகியது. சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. பழஞ்சீனத்திலிருந்து வந்த நான்கெழுத்து மரபுத்தொடர்களும் நிறைய வரும். ஆகவே எல்லாச் செய்திகளையும் படிக்க முயலாமல், உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு துறையின் செய்திகளை மட்டும் சில மாதங்கள் தொடர்ந்து படியுங்கள். ஒரே பொருளைப் பற்றிய செய்திகளில் அதே சொற்கள் மீண்டும் மீண்டும் வந்து தாமே மனத்தில் பதியும். ஒரு பத்தியிலேயே பலமுறை அகராதியைப் புரட்ட நேர்ந்தால், அதை ஒதுக்கிவிட்டு, மாணவர்களுக்கென எளிய நடையில் எழுதப்பட்ட கதைநூல்களைச் சிறிது காலம் வாய்விட்டுப் படியுங்கள்.